கேமராவுக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும்?

வீட்டு வாசலிலும் கடையிலும் கண்காணிப்புக் கேமரா வைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. நான்கு கேமரா, ஒரு டிவிஆர், அதனுள் ஒரு ஹார்ட் டிஸ்க். மாட்டிவிட்டுப் போகிறவர் எந்த செட்டிங்ஸ் வைத்துவிட்டுப் போகிறாரோ, அதுவே பல வருடங்களுக்கு அப்படியே இருக்கும். அந்த செட்டிங்ஸில் ஒரு சிறிய எண் உண்டு. அதன் பெயர் ஃப்ரேம் ரேட். "அதிகமாக வைத்தால் நல்லதுதானே?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் நான். அப்படி இருந்தும் தவறு செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அல்ல. பெயிண்ட், பைப், ஆணி விற்கும் கடை. அங்கே கேமரா மாட்டியபோது, "மாப்ளே, நீதான் இன்ஜினியராச்சே, எல்லாத்தையும் பெஸ்ட்டா வச்சிரு" என்றார். நானும் நான்கு கேமராக்களுக்கும் ஃப்ரேம் ரேட் 25, பிட்ரேட் 4096 என்று மெனுவில் இருந்ததிலேயே பெரிய எண்களாகப் பார்த்து வைத்தேன். படம் டிவி போல வழுவழுப்பாக ஓடியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சில மாதங்கள் கழித்து, ஒரு 12ஆம் தேதி மாலை கணக்குப் பார்த்தபோது 22,500 ரூபாய் குறைந்தது. நோட்டைப் புரட்டியதில் 3ஆம் தேதி மதியம்தான் கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தது. அன்று மதியம் கல்லாவில் இருந்தது கடையில் வேலை பார்த்த தம்பி. "அதான் கேமரா இருக்கே, பார்த்துருவோம்" என்று பிளேபேக் போட்டால், டிவிஆரில் இருந்த மிகப் பழைய ரெக்கார்டிங் 7ஆம் தேதி விடியற்காலை. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. டிஸ்க் நிறைந்து, பழையதை அழித்து, மேலேயே புதியதைப் பதிந்துகொண்டிருந்தது.

யாரும் அந்தத் தம்பியைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் பார்வை மாறியது. நான்காம் நாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

படம் வழுவழுப்பாக ஓட வேண்டும் என்று நான் வைத்த 25தான் அந்த நாட்களைத் தின்றுவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

ஃப்ரேம் ரேட் என்றால் என்ன?

வீடியோ என்று தனியாக ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட புகைப்படங்களை வேகமாகக் காட்டினால், அது நமக்கு அசையும் படமாகத் தெரிகிறது. ஒவ்வொரு புகைப்படமும் ஒரு ஃப்ரேம். ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதே ஃப்ரேம் ரேட். இதைச் சுருக்கமாக எஃப்பிஎஸ் என்பார்கள்.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். இந்தியாவில் டிவிக்குப் பயன்பட்ட பால் முறையில் 25. அமெரிக்காவின் முறையில் ஏறக்குறைய 30. நொடிக்குப் பத்து, பன்னிரண்டு படங்களைத் தாண்டினாலே நம் கண் அவற்றைத் தனித்தனிப் படங்களாகப் பார்க்காமல் அசைவாகப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆக, கேமரா மெனுவில் இருக்கும் 25 என்ற எண் டிவியிலிருந்து வந்தது. பார்ப்பதற்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்கான எண் அது. திருடனைப் பிடிப்பதற்கென்று யாரும் கணக்குப் போட்டு வைத்த எண் அல்ல.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். செல்போனில் எடுத்த ஏதாவது ஒரு வீடியோவைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, விஎல்சி பிளேயரில் திறக்கவும். டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைக் கிளிக் செய்தால், அந்த வீடியோவின் ஃப்ரேம் ரேட் தெரியும். அடுத்து வீடியோவை நிறுத்திவிட்டு, கீபோர்டில் ஈ என்ற கீயை ஒவ்வொரு முறையாக அழுத்தவும். ஒரு ஃப்ரேம், ஒரு ஃப்ரேமாக நகரும். திருட்டு நடந்த பின் போலீஸார் பார்ப்பதும் இப்படித்தான். ஓடும் படத்தை யாரும் ரசிப்பதில்லை. நிறுத்தி, ஒரு ஃப்ரேமில் முகம் தெரிகிறதா, கை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே என்ன நடக்கிறது?

ஃப்ரேம் ரேட்டை முடிவு செய்ய நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் அந்த ஆள் எவ்வளவு தூரம் நகர்ந்திருப்பார்?

சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு சுமார் 1.4 மீட்டர். 25 ஃப்ரேம் வைத்தால் இரண்டு படங்களுக்கு இடையே அவர் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். 10 ஃப்ரேம் வைத்தால் 14 சென்டிமீட்டர். 5 ஃப்ரேம் வைத்தால் 28 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழு அடி கூட இல்லை. அவர் வாசலைக் கடக்க மூன்று நொடி ஆனால், 5 ஃப்ரேமிலும் அவருடைய 15 படங்கள் கிடைக்கும். யார் என்று அடையாளம் காண அது போதும்.

மோட்டார் வாகனம் என்றால் கணக்கு மாறும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். 5 ஃப்ரேமில் இரண்டு படங்களுக்கு இடையே வண்டி 2 மீட்டருக்கு மேல் போய்விடும். கேமரா கோணம் குறுகலாக இருந்தால் ஒன்றிரண்டு படங்களோடு வண்டி மறைந்துவிடும். இங்கே 15 முதல் 25 வரை தேவை.

கல்லாப்பெட்டி மூன்றாவது வகை. ஆள் நகர்வதில்லை, கை நகர்கிறது. ஒரு நோட்டைப் பெட்டியில் போடவோ எடுக்கவோ அரை நொடி போதும். 5 ஃப்ரேம் வைத்தால் அந்த அரை நொடியில் கிடைப்பது இரண்டே படங்கள். 15 வைத்தால் ஏழு. எனவே பணம் கைமாறும் இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

மங்கலுக்குக் காரணம் வேறு

"இரவில் வண்டி நம்பர் மங்கலாகத் தெரிகிறது, ஃப்ரேம் ரேட்டைக் கூட்டலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். கூட்டிப் பயனில்லை. நொடிக்கு எத்தனை படம் என்பது ஃப்ரேம் ரேட். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். இரண்டும் வேறு வேறு.

வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கும். ஷட்டர் 25இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் வண்டி அந்த நேரத்திற்குள் 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பிளேட் வெறும் கோடாகத் தெரியும். 500இல் ஒரு பங்கு நொடி என்றால் 2 சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே மங்கலுக்கு மருந்து வாசலில் ஒரு நல்ல எல்இடி பல்பு. சில கேமராக்கள் இருட்டில் ஷட்டரை மேலும் மெதுவாக்கும்போது, நீங்கள் 25 என்று வைத்திருந்தாலும் உண்மையில் கிடைப்பது பாதிதான் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

முகம் தெளிவாகத் தெரியாததற்கு இன்னொரு காரணம் பிக்ஸல். ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்ஸல் வேண்டும் என்றது 2014இல் வெளியான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரம். ஏற்கெனவே தெரிந்தவரை "இவர்தான்" என்று சொல்ல 125 போதும். 1080பி கேமராவின் அகலம் 1920 பிக்ஸல். 1920ஐ 250ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். அதாவது கேமரா அதைவிட அகலமான இடத்தைக் காட்டினால், ஃப்ரேமை எவ்வளவு கூட்டினாலும் புதியவர் முகம் தெளியாது.

ஹார்ட் டிஸ்க் கணக்கு

இனி என் தவறுக்கு வருவோம். டிவிஆர் ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா எழுதுகிறது என்பதே பிட்ரேட். மெனுவில் 1024, 2048, 4096 என்று கேபிபிஎஸ் அளவில் இருக்கும். இதை மனதில் வைக்க ஒரு எளிய வாய்பாடு: 1024 கேபிபிஎஸ் என்றால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 11 ஜிபி.

நான் வைத்தது 4096. அப்படியானால் ஒரு கேமராவுக்கு 44 ஜிபி. நான்கு கேமராவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 177 ஜிபி. மாமா கடை டிவிஆரில் இருந்தது 1 டிபி, அதாவது 1000 ஜிபி. வகுத்தால் 5.6 நாள். 12ஆம் தேதி மாலையிலிருந்து ஐந்தரை நாள் பின்னால் எண்ணினால், 7ஆம் தேதி விடியற்காலை. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. மெஷின் சொன்னபடி செய்தது. நான்தான் அந்த வகுத்தலை முன்பே போட்டுப் பார்க்கவில்லை.

எத்தனை நாள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரிய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். வங்கி லாக்கர் அறையின் வாசல் பதிவுகளைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் விதித்தது. காவல் நிலையங்களின் கேமராப் பதிவுகளை 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. ஒரு தவறு உடனே தெரிய வருவதில்லை என்பதுதான் இதன் பின்னால் உள்ள காரணம். வீட்டுக்கு 15 நாள் போதும். மாதம் ஒரு முறை கணக்குப் பார்க்கும் கடைக்கு 30 நாளாவது வேண்டும்.

ஃப்ரேமை மட்டும் குறைத்தால் போதாது

பலர் தடுக்கி விழும் இடம் இது. ஃப்ரேம் ரேட்டை 25இலிருந்து 12 ஆக்கிவிட்டு, டிஸ்க்கில் இரண்டு மடங்கு நாள் கிடைக்கும் என்று காத்திருப்பார்கள். கிடைக்காது.

பிட்ரேட் டைப் என்ற இடத்தில் கான்ஸ்டன்ட் என்று இருந்தால், டிவிஆர் நொடிக்கு நீங்கள் சொன்ன அளவு டேட்டாவை எழுதியே தீரும். 25 படங்களுக்குப் பங்கிட்டதை இப்போது 12 படங்களுக்குப் பங்கிடும். ஒவ்வொரு படமும் கொஞ்சம் தெளிவாகும். ஆனால் டிஸ்க்கில் ஒரு நாள்கூட மிச்சமாகாது. ஃப்ரேமைக் குறைக்கும்போது மேக்ஸ் பிட்ரேட்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் பலன்.

வேரியபிள் என்று வைத்தாலும் ஃப்ரேம் பாதியானால் டேட்டா பாதியாகிவிடாது. காரணம், வீடியோ சுருக்கும் முறை. எல்லாப் படங்களையும் முழுதாக எழுதாமல், அவ்வப்போது ஒரு முழுப் படத்தையும், நடுவில் வரும் படங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதுவதே அதன் தந்திரம். இடைப் படங்கள் ஏற்கெனவே சிறியவை. அவற்றில் சிலவற்றை நீக்குவதால் மிச்சமும் சிறியதே. உங்கள் டிவிஆரில் எச்.264, எச்.265 என இரண்டும் இருந்தால் எச்.265ஐத் தேர்ந்தெடுக்கவும். எச்.264 வந்தது 2003இல். எச்.265 வந்தது 2013இல். பின்னது அதே தெளிவைக் குறைந்த பிட்ரேட்டில் தரும்.

எந்த இடத்துக்கு எத்தனை?

எல்லா கேமராவுக்கும் ஒரே எண் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1080பி கேமரா, எச்.265 என்று வைத்து, மாமா கடைக்கு நான் இப்போது வைத்திருப்பது இது:

கல்லாப்பெட்டி: 15 ஃப்ரேம், 2048 கேபிபிஎஸ். நாளைக்கு 22 ஜிபி.

கடை வாசல்: 12 ஃப்ரேம், 1536 கேபிபிஎஸ். நாளைக்கு 16.5 ஜிபி.

பின்பக்கச் சந்து: 8 ஃப்ரேம், 1024 கேபிபிஎஸ். நாளைக்கு 11 ஜிபி.

குடோன்: 6 ஃப்ரேம், 768 கேபிபிஎஸ். நாளைக்கு சுமார் 8 ஜிபி.

மொத்தம் நாளைக்கு சுமார் 58 ஜிபி. பழைய 1 டிபி டிஸ்க்கிலேயே 17 நாள் வந்துவிடும். 30 நாளைத் தாண்ட வேண்டும் என்பதால் 2 டிபி டிஸ்க் மாற்றினோம்; 34 நாள் வருகிறது. டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் ரகத்தைக் கேட்டு வாங்கவும். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை.

வீடு என்றால் வாசலுக்கு 12, மாடிப்படிக்கும் பின்கட்டுக்கும் 8 போதும். வாகனம் வேகமாகப் போகும் தெருவைப் பார்க்கும் கேமராவுக்கு மட்டும் 20 அல்லது 25 வைக்கலாம். ஆளே வராத இடங்களுக்கு மோஷன் ரெக்கார்டிங் வைத்தால், அசைவு இருக்கும்போது மட்டும் பதியும். அப்படி வைக்கும்போது, அசைவுக்கு முந்தைய சில நொடிகளையும் பதியும் ப்ரீ ரெக்கார்ட் வசதியை ஆன் செய்ய மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஆள் உள்ளே வந்த பிறகே பதிவு தொடங்கும்.

எப்படி மாற்றுவது?

1. டிவிஆருடன் இணைத்த மவுஸில் ரைட் கிளிக் செய்து மெயின் மெனு திறக்கவும்.

2. ரெக்கார்ட், என்கோட், வீடியோ என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்.

3. கேமரா எண்ணைத் தேர்ந்தெடுத்து, மெயின் ஸ்ட்ரீம் என்பதற்குச் செல்லவும். பதிவாவது இதுதான். சப் ஸ்ட்ரீம் என்பது செல்போனில் பார்ப்பதற்கான சிறிய படம். அதைத் தொட வேண்டாம்.

4. ஃப்ரேம் ரேட், மேக்ஸ் பிட்ரேட் இரண்டையும் மாற்றி, அப்ளை கிளிக் செய்யவும். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகச் செய்யவும்.

5. வீடியோ ஸ்டாண்டர்ட் என்ற இடத்தில் பால் அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பார்க்கவும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60 என்று இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கலாம்.

6. தேதியும் மணியும் சரியா என்று பார்த்துக்கொள்ளவும். தவறான நேரம் காட்டும் பதிவு, பதிவே இல்லாததைவிடச் சிக்கல்.

மெனுவில் 1080பிக்கு 15க்கு மேல் வைக்க முடியாமல், 1080என் அல்லது 1080பி லைட் என்று மாற்றினால் மட்டும் 25 வருகிறதா? விலை குறைந்த சில டிவிஆர்களில் இப்படி உண்டு. 1080என் என்பதில் படத்தின் அகலம் பாதி. 1920க்குப் பதில் 960 பிக்ஸல். அந்த ஆசைக்கு மயங்காமல் முழு 1080பியில் 12 அல்லது 15 வைக்கவும். முகம் தெரிவதுதான் முக்கியம்.

எல்லாம் முடிந்த பிறகு, பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, வீட்டிலுள்ள ஒருவரைக் கேமரா முன் வேகமாக நடக்கச் சொல்லவும். அந்தப் பதிவை பென்டிரைவில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். முகம் தெளிவாக ஒரு ஃப்ரேமாவது கிடைத்தால் செட்டிங்ஸ் சரி. ஒரு மாதம் கழித்து பிளேபேக்கில் மிகப் பழைய தேதி எது என்று பார்க்கவும். அந்தத் தேதிதான் உங்கள் கேமராவின் உண்மையான ஞாபகசக்தி.

ஏதாவது நடந்துவிட்டால் அன்றைக்கே பதிவை பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். நாளாக நாளாக டிவிஆர் அதன்மேல் எழுதிவிடும். நீதிமன்றம் வரை போகும் விஷயம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆவது பிரிவின்படி அந்தப் பதிவுடன் ஒரு சான்றிதழும் தர வேண்டும். எனவே டிவிஆரைக் கழற்றிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைக்கவும்.

கடைசியாக, அந்த 22,500 ரூபாய். மாதக் கடைசியில் பெயிண்ட் ஏஜென்சியிலிருந்து வசூலுக்கு வருபவர் வந்தார். அவரது ரசீதுப் புத்தகத்தில் 3ஆம் தேதி, 22,500, மாமாவின் கையெழுத்து. அன்று மதியம் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாமாவே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, நோட்டில் எழுத மறந்திருக்கிறார்.

மறுநாளே மாமா அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய், "தப்பு என் மேலதான்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் வேறு கடையில் சேர்ந்திருந்தான். திரும்ப வரவில்லை.

பணம் கொடுத்த அந்தக் காட்சி கல்லாவுக்கு மேலே இருந்த கேமராவில் நிச்சயம் பதிவாகியிருக்கும், நொடிக்கு 25 ஃப்ரேமில். மாமா வசூல்காரரிடம் பணம் எண்ணிக் கொடுத்ததைப் பார்க்க 5 ஃப்ரேமே போதுமாக இருந்திருக்கும். பத்து நாள் பதிவு இருந்திருந்தால் அன்று மாலையே விஷயம் முடிந்திருக்கும். இன்று உங்கள் டிவிஆரில் அந்தப் பழைய தேதி எது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.